தட்டு விழும் வரை

எதிர்வீட்டுப் பெண் தன் புருஷனை வேலைக்கு அனுப்புவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் அனுப்புகிறவர்கள்தான். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆளின் கையில் டிபன் டப்பாவைத் திணித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அடுப்பில் வேலை கிடக்கும். இவள் அப்படி இல்லை. அவன் வண்டியை உதைத்துக் கிளப்பி, சந்து முனையில் திரும்பி, பாகலூர் ரோட்டில் ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பாள். கையாட்ட மாட்டாள். சிரிக்கவும் மாட்டாள். ஒரு காலில் பாரத்தைக் கொடுத்து, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. வண்டி மறைந்த பிறகுதான், "என்னங்க கேட்டீங்க?" என்று திரும்புவாள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவள், ஆசை விடவில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். போகப் போகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நின்றாள். மாடியிலிருந்து சாவியைக் கீழே போட்டால், கீழே உள்ளவர் அதை எடுத்துக் கதவைத் திறக்கிற வரைக்கும் கைப்பிடிச் சுவரை விட்டு நகர மாட்டாள். வாளித் தண்ணீரை வாசலில் வீசினால் அது மண்ணில் விழுந்து ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வாளியைக் கீழே வைப்பாள். என் மருமகள், "அத்தை, அந்தப் பொண்ணுக்கு எதாவது கோளாறுங்களா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அஞ்செட்டிக்கு மேலே மலைக்குள் இருக்கும் ஊரிலிருந்து மகனோடு இருக்க வந்தவள் நான். சந்தில் யாரோடும் அவ்வளவாகப் பேச்சு கிடையாது.

ஒரு கோடையில் எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை. எல்லாரும் ஓனர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். நான் பின்னால் நின்றேன். "சாயந்தரம் பாக்கறேன், போங்கம்மா" என்றார் ஓனர். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் திரும்பினார்கள். இவள் மட்டும் நின்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அவர் காபி குடித்தார், பேப்பர் பார்த்தார். நிமிர்ந்தால் எதிரே இவள் நிற்கிறாள்.

"ஏம்மா, அதான் சொன்னேன் இல்ல? இன்னும் என்னாத்துக்கு நிக்கற?"

"தண்ணி கேட்டேங்க சார். இன்னும் வந்து சேரலீங்க."

"எங்க வந்து சேரணும்?"

"டேங்குக்குங்க."

ஓனருடைய சம்சாரம் உள்ளேயிருந்து தெலுங்கில் எதையோ சொல்லித் திட்டினாள். அவரைத் திட்டினாளா இவளைத் திட்டினாளா தெரியாது. அவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு இவள் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, அப்புறம் திரும்பி நடந்தாள்.

அந்த ஒரு அடி பின்னால் வைப்பது இன்னொரு பழக்கம். எந்த வாசலை விட்டுக் கிளம்பினாலும் முதல் அடி பின்பக்கம்தான். சந்துப் பிள்ளைகள் அவளைப் போலவே பின்னால் ஒரு அடி வைத்துத் திரும்பி விளையாடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "இன்னும் நேரா வைக்கணும், கோட்டை மிதிச்சிட்ட பாரு" என்று அவர்களைத் திருத்துவாள்.

அவள் தட்டு எறிகிற ஆள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாப்பிடும் தட்டு இல்லை. மரத்தில் செய்து, சுற்றி இரும்பு விளிம்பு கட்டின வட்டத் தட்டு. கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கிலோ வெல்லம் கனம் இருக்கும். அதைச் சுழன்று சுழன்று எறிய வேண்டும். யார் தட்டு தூரம் போகிறதோ அவர்களுக்கு மெடல். மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். அந்தக் கணக்கில்தான் இங்கே ஒரு கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். மாலையோடு அவள் நிற்கும் படத்தைக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்களாம். மெடல்களையெல்லாம் ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"மாட்டி வெக்கக் கூடாதா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆணி அடிச்சா ஓனர் சத்தம் போடுவாருங்கம்மா."

அவளுக்குச் சொந்த ஊர் பர்கூர்ப் பக்கம். அப்பா கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்லுக்குப் பாலிஷ் போட்டுத் தேய்ந்துபோன சக்கரம் ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதைத்தான் முதலில் எறிந்து பழகினாளாம். எறிந்தது பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. "ஓடலியா?" என்று கேட்டேன். "எங்க ஓடறதும்மா, எங்க விழுதுன்னு பாத்துட்டு அங்கயே நின்னேன். புடிச்சு அடிச்சாங்க" என்றாள்.

வடக்கே எங்கோ நடந்த போட்டி ஒன்றைப் பற்றி அவள் சொல்லும்போது எனக்கு வயிறு வலிக்கும், அவ்வளவு சிரிப்பு. மழை பெய்து எறிகிற வட்டம் முழுக்க வழுக்கியிருக்கிறது. சுழன்று எறிந்தவள் அப்படியே கவிழ்ந்து விழுந்துவிட்டாள்.

"ஆனா வட்டத்துக்குள்ளதாம்மா விழுந்தேன். கை கூட வெளிய படல. தலைய மட்டும் தூக்கிப் பாத்துக்கிட்டே கெடந்தேன். தட்டு விழுந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு பின்பக்கமா வெளிய வந்தேன். வெள்ளைக் கொடி தூக்கிட்டாங்க. எங்க ஸ்டேட்டுல படுத்துக்கிட்டே வெண்கலம் வாங்கினவ நான் ஒருத்திதான்."

எறிகிறவர்கள் தட்டு தரையைத் தொடுகிற வரைக்கும் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் செல்லாது, சிவப்புக் கொடி. விழுந்த பிறகும் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வர வேண்டும். இதுதான் சட்டம். அதைக் கேட்ட பிறகு எனக்கு மோட்டார் விஷயமும் புரிந்தது, புருஷன் வண்டி விஷயமும் புரிந்தது. மருமகளிடம் சொன்னேன். "அதுக்காக வூட்ல கூடவா அத்தை?" என்றாள்.

பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அவள் திரும்ப வேலைக்குப் போனபோது கம்பெனியில் படம் இருந்த இடத்தில் வேறு யாருடைய படமோ இருந்தது. இவளைப் பேக்கிங் பக்கம் காண்ட்ராக்டில் போட்டுவிட்டார்கள். புதிதாக வந்த ஆபீசரிடம் போய்க் கேட்டாளாம். இந்த வருஷம் மாநில அணியில் இடம் பிடித்தால் பழையபடி நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வருஷக் கடைசியோடு காண்ட்ராக்டும் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். அவள் அங்கேயும் நின்றிருப்பாள் போல. "அவரு செக்யூரிட்டியக் கூப்புட்டாரும்மா" என்று சிரித்தாள். சிரித்த முகம் ஒரு மாதிரி இருந்தது. புருஷன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன் சம்பளம் வாடகைக்கும் அவன் அம்மா மருந்துக்கும் போய்விடும்.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஏரிக்குப் போய் எறிஞ்சு பழகணும். அவருக்கு நைட் ஷிப்டு, இன்னும் வரல. பாப்பாவ வெச்சுக்கறீங்களா?"

என் மருமகள் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "அத்தைக்குக் கை நடுங்கும். எங்க புள்ளைங்களையே நாங்க அவங்ககிட்ட குடுத்ததில்ல."

உண்மைதான். என் பேரப்பிள்ளைகள் மருமகளின் அம்மா கையில் வளர்ந்தவர்கள். நான் உள்ளே போகத் திரும்பினேன். இவள் போகவில்லை. பதில் வர வேண்டியது என்னிடமிருந்து என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி கண்ணு, குடு" என்றேன்.

"அந்தம்மா கிட்ட குடுத்தா பேசும். பேசிட்டே புள்ளைய மறந்துரும். நீங்க பேச மாட்டீங்க" என்று போகிற வழியில் சொன்னாள். அவள் காட்டியது எங்கள் சந்தில் ரொம்ப மரியாதையான ஒரு வீட்டை.

தண்ணீர் வற்றின ஏரி அது. ஒரு பக்கம் ரோஜாச் செடி வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகள். இன்னொரு பக்கம் ராகிக் கொல்லை. ஏரிக்கும் ராகிக்கும் நடுவில் ஒரு கல் நட்டிருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகா. அவள் ஒரு குச்சியை நட்டு, கயிறு கட்டி, கோலமாவால் வட்டம் போடுவாள். கை வியர்வைக்குப் பாப்பாவின் பவுடரையே தேய்த்துக்கொள்வாள். நான் துண்டை விரித்துப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் எறிந்ததைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. சுழலுகிறாள், தட்டு பறக்கிறது, நடுவழியிலேயே தொப்பென்று விழுகிறது. "பிள்ளை பெறறதுக்கு முன்னாடி அந்தக் கல்லைத் தாண்டிப் போவும்மா. இப்ப இடுப்பு சொல்பேச்சு கேக்கல" என்றாள். திரும்பத் திரும்ப எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் தட்டு கையை விட்டுப் போனதும், கிணற்று விளிம்பில் வந்து நின்றுவிட்டவளைப் போல ஒற்றைக் காலில் தத்தி, கைகளை விரித்து, விழாமல் நின்று பார்ப்பாள். தட்டு விழும். அப்புறம் பின்பக்கமாக வெளியே வருவாள்.

எனக்கு அதில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. அவள் எறிகிற நேரத்தில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்க மாட்டாள். தட்டு விழ வேண்டும். அதற்கப்புறம்தான் பிள்ளை. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"இங்க என்ன கொடி புடிச்சிக்கிட்டா ஆள் நிக்கறாங்க? யாரு பாக்கறா? புள்ள அழுதா வந்துட்டுப் போ."

"நான் இங்க ஒருக்கா ஓடி வந்தேன்னா கால் அதையே கத்துக்கும்மா. அங்க போயும் ஓடும். யாரு பாக்கறாங்க, யாரு பாக்கலன்னு காலுக்குத் தெரியாதுங்களே."

நான் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மழை வந்து போய், ராகி கதிர் பிடித்த ஒரு காலையில் தட்டு போய்க்கொண்டே இருந்தது. கல்லைத் தாண்டி ராகிக்குள் இறங்கியது. இவள் நின்று பார்த்தாள். விழுந்த பிறகு பின்பக்கமாக வெளியே வந்தாள். அதற்கப்புறம் குதித்தாள் பாருங்கள், சின்னப் பெண்ணைப் போல! ராகிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னடக்காரர், நம்ம பேச்சும் பேசுவார்.

"யார்தும்மா இது? தமிழ்நாட்டுலர்ந்து எங்க கர்நாடகாவுக்கு வந்துருக்குதே, பர்மிட் இருக்குதா?"

"லோக்கல் வண்டிங்கய்யா, பர்மிட் வேணாங்க" என்றாள் இவள்.

"என் தலைல வுழுந்திருந்தா எந்த ஸ்டேட்டு ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"எறிஞ்சது நாங்க, வைத்தியம் நாங்க பாத்துக்கறோம். வுழுந்த தூரத்த மட்டும் எங்க கணக்குல வெச்சுக்கங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து நாங்கள் வருகிற நேரத்தில் கொல்லைக்குள் இருக்க மாட்டார். வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, எங்கே விழுந்தது என்று கையைக் காட்டுவார்.

அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி கிருஷ்ணகிரி மைதானத்தில் நடந்தது. அவள் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பாலும் தேங்காய் எண்ணெயும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். "கூட்டத்துல காணாமப் போயிறாதீங்க அத்தை" என்றாள் மருமகள்.

மைதானத்தில் சுண்ணாம்பால் வளைவாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மாநில அணி. தாண்டாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்திருந்த பெண்களெல்லாம் இவளை விடச் சின்னவர்கள். கம்பெனிக்காரர்களும் ஆபீசர்களும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலியோரம் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண், கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

இவள் எறிந்தது ஒவ்வொன்றும் கோட்டுக்கு முன்னால் முன்னால் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலையில் மோதித் திரும்பியது. எறிவதற்கு இன்னும் இரண்டு தடவைதான் பாக்கி என்றாள் அந்தப் பெண். என் மடியில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது.

இவள் வட்டத்துக்குள் போனாள். குனிந்தாள். சுழன்றாள். தட்டு கையை விட்டுக் கிளம்பியது, பிள்ளை வீறிட்டது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை. உயிர் போகிற அலறல். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மரத்திலிருந்து செவ்வெறும்பு கொத்தாக விழுந்திருந்தது. பிள்ளை கழுத்தில், காதில், சட்டைக்குள் எங்கும் எறும்பு.

அவள் திரும்பவில்லை. ஒற்றைக் காலில் நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் ஒரு தட்டு மேலே நிற்குமா என்று இருந்தது எனக்கு.

"ஐயோ, பாரேன்! பெத்தவளா இவ? கல்லாட்டம் நிக்கறாளே!" என்றாள் வேர்க்கடலைக்காரி.

தட்டு விழுந்தது. இவள் பின்பக்கமாக வட்டத்தை விட்டு வந்தாள். அதற்கு மேல் அவள் நடக்கவில்லை, ஓடி வந்தாள். வெள்ளைக் கொடியையும் பார்க்கவில்லை, அளக்கிறவர்களையும் பார்க்கவில்லை. நான் அதற்குள் சட்டையைக் கழற்றி எறும்பையெல்லாம் தட்டிவிட்டிருந்தேன். அவள் பிள்ளையை வாங்கி, காது மடலில் ஒட்டியிருந்த ஒன்றைப் பிய்த்துப் போட்டு, எண்ணெய் வாங்கித் தடவினாள். அவள் கை என் கையை விட நடுங்கியது. அப்புறம் என் காலைப் பார்த்தாள்.

"உங்களையும் கடிச்சிருச்சேம்மா."

குனிந்து பார்த்தேன். கணுக்காலில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. அதுவரை எனக்குத் தெரியவே இல்லை.

எறிந்தது கோட்டுக்கு ஒரு சாண் குறைவு என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். கொடி பிடித்த சார் நல்ல மனுஷன். வேலி வரைக்கும் வந்தார். "இன்னும் ஒன்னு இருக்குதும்மா. நடுவுல மத்தவங்க எறியணும், கொஞ்சம் நேரம் ஆவும். முடியலைன்னா சொல்லிருங்க, தப்பில்ல" என்றார்.

"இன்னுமா எறியப் போற?" வேர்க்கடலைக்காரி விடவில்லை. "போதும் தாயி. புள்ளய எடுத்துக்கிட்டு வூடு போய்ச் சேரு. அந்தக் கத்து கத்துது, கேக்காத மாதிரி நிக்கறயே, எப்படி முடிஞ்சுது உனக்கு?"

இவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டுச்சுங்க. கேக்காம இருக்குமா? அழுதது கேட்டுச்சு, இந்தம்மா எந்திரிச்சது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது. அப்புறம் எனக்கு அங்க என்னங்க வேலை?"

அந்தப் பெண் குனிந்து ஒரு கடலையை உரித்தாள். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தேன்.

மற்றவர்கள் எறிந்து முடித்தார்கள். இவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிள்ளை இன்னும் விம்மிக்கொண்டிருந்தது. ஒரு முத்தம் கொடுத்தாள். அப்புறம் எதுவும் சொல்லாமல், பத்திரம் என்று கூடச் சொல்லாமல், பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் மரத்தை விட்டு விலகி வெயிலில் வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பிள்ளையைத் தோளில் சாய்த்து வேலியோரமாக மெல்ல நடந்தேன். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பின்னால் சிமெண்டில் ஷூ உரசும் சத்தம் கேட்டது. அவள் எறியும்போது தொண்டையிலிருந்து வரும் அந்தக் கத்தல் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் போல. எனக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து வரைக்கும் வந்தது. பிள்ளையின் விம்மல் அப்போதுதான் நின்று, இமை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை.

வேர்க்கடலைக்காரி பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தாண்டிருச்சு! கோட்டைத் தாண்டிருச்சும்மா! பாக்கலியா நீங்க?"

"மெதுவாப் பேசு," என்றேன். "புள்ள தூங்குது."